கண்டியை யாரும் கண்டுபிடிக்கத் தேவையில்லை

தனியாக ஊர் சுற்றுகிறவர்கள் கண்டியைப் பற்றி எழுதும் கட்டுரைகளையும் போடும் வீடியோக்களையும் வரிசையாகப் பார்த்தால், எல்லாவற்றையும் ஒரே ஆள்தான் செய்தாரோ என்று சந்தேகம் வரும். முதல் நாள் காலையில் பாண் விற்கும் ஆட்டோ பீத்தோவன் மெட்டைப் போட்டுக்கொண்டு தெருவுக்குள் வரும், பயணி வியப்பார். மத்தியானம் ஏரிக்கரையில் ஒரு பெரிய உடும்பு நடந்து போகும். யாருமே அதைக் கண்டுகொள்ளாததைப் பார்த்து இன்னும் வியப்பார். பின்னேரம் தலதா மாளிகை, வெள்ளை உடுப்பு, தாமரைப்பூ. இரவு கொத்து ரொட்டிக் கடையில் தகடு அடிபடும் சத்தம். மறுநாள் கோச்சிக் கதவில் தொங்கிக்கொண்டு ஒரு படம். வழியில் கூடை சுமந்த ஒரு அம்மாவின் சிரிப்பு. கடைசி வரி எல்லாவற்றிலும் ஒன்றுதான்: இந்த மக்களிடம் எதுவுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு அழகாகச் சிரிக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரிக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வெளியூர்க்காரர் வரக்கூடாது என்று சொல்ல நாங்கள் யாரும் இல்லை. 2018இல் 23 இலட்சம் பேர் இலங்கைக்கு வந்தார்கள். அடுத்த வருசம் உயிர்த்த ஞாயிறு குண்டுகள், அதன் பிறகு கொரோனா, அதன் பிறகு 2022இன் பெற்றோல் வரிசை. ஆள் வராவிட்டால் இந்த ஊரில் யார் வீட்டு அடுப்பு அணையும் என்று அந்த மூன்று வருசமும் பார்த்தோம். ஆட்டோ ஓட்டுகிறவர், ஏரிக்கரையில் மாலை விற்கிறவர், அறை வாடகைக்கு விடுகிற அக்கா, எல்லோரும் எங்கள் கண் முன்னால்தான் கஷ்டப்பட்டார்கள். 2024இல் மறுபடியும் 20 இலட்சத்துக்கு மேல் வந்தார்கள். நல்லது. வரட்டும், சாப்பிடட்டும், படம் எடுக்கட்டும். பாண் ஆட்டோவைப் பார்த்து வியப்பதிலும் தப்பில்லை. நாங்களும் யாழ்ப்பாணம் போனால் எதையாவது பார்த்து வாயைப் பிளக்கத்தான் செய்கிறோம்.

பிரச்சினை வியப்பில் இல்லை. வியந்ததும் கேள்வி நின்றுவிடுகிறது, அதில்தான் இருக்கிறது. சாதாரண விசயங்களைக் கண்டுபிடித்தோம் என்கிறார்கள். ஆனால் அந்தச் சாதாரணத்துக்கு யார் விலை கொடுத்தார், இன்னும் யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார் என்று கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கழித்துவிட்டால் மிச்சமிருப்பது பயணம் இல்லை. வெறும் பார்வை.

‘அட, இங்கயும் தமிழா!’

வெள்ளைக்காரரை மட்டும் திட்டினால் சுலபம். தமிழ்நாட்டிலிருந்து வரும் யூடியூப் அண்ணன்மாரைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். கண்டி பஸ் நிலையத்தில் இறங்கியதும் அவர்கள் செய்யும் முதல் கண்டுபிடிப்பு இது: ‘மக்களே, இங்க தமிழ் பேசுறாங்க!’

அண்ணே, உங்கள் பாட்டியிடம் கேட்டிருந்தால் டிக்கெட் போடாமலே தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒரு காலத்தில் இந்த ஊருக்குப் பெயர் கண்டிச் சீமை. மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், சேலம் என்று எத்தனையோ ஊர்களிலிருந்து பஞ்சத்துக்கும் கடனுக்கும் சாதிக்கும் தப்பி இங்கே வந்தார்கள். கங்காணி பின்னால் வந்து, மன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். பாதை நெடுக காலராவிலும் காய்ச்சலிலும் செத்தார்கள். நடந்து முடித்தவர்கள் முதலில் கோப்பி நட்டார்கள். இலைநோய் வந்து கோப்பி அழிந்ததும் தேயிலை நட்டார்கள்.

அதற்கும் முந்திய கதை மாளிகை வாசலிலேயே இருக்கிறது. 1739 முதல் 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் மதுரைத் தொடர்புள்ள நாயக்க வம்சத்தார். பெரஹெரவில் தந்த தாதுவுக்கு முதலிடம் வந்தது கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில், அவரும் நாயக்கர்தான். பயணிகள் சூரிய அஸ்தமனம் எடுக்கும் அந்த ஏரியை வெட்டுவித்த கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் இளமைப் பெயர் கண்ணுசாமி. ஏரியைத் தோண்டியவர்கள் கூலி இல்லாத இராஜகாரிய வேலைக்கு இழுத்து வரப்பட்ட குடிமக்கள். அரசனை ஆங்கிலேயர் பிடித்து வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 1832இல் அங்கேயே இறந்தார். மாளிகைக்கு எதிரே பத்தினி தேவாலயம் இருக்கிறது. அந்தப் பத்தினி நம்முடைய கண்ணகி. ஒரே இடத்தில் நின்று இவ்வளவையும் பார்க்கலாம். ஆனால் கமராவுக்கு உடும்புதான் தெரிகிறது.

‘இங்கயும் தமிழா’ என்ற வியப்பு எங்களுக்கு ஏன் வலிக்கிறது என்றால், அதே வியப்பைச் சட்டமாகவே எழுதி வைத்த நாடு இது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை ஒரே அடியில் நாடற்றவராக்கியது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். மூட்டை பங்கு போடுவதைப் போல ஆட்களைப் பங்கு போட்டார்கள். தலைமன்னாருக்குக் கோச்சி ஏறியவர்களை வழியனுப்பி ஸ்டேசன்களில் அழுத குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. போனவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட்டது. ஊட்டிக்கு டூர் போகும் அண்ணன்மார் கூடலூர்ப் பக்கம் வண்டியை நிறுத்தினால் கண்டியின் பேச்சைக் கேட்கலாம். அங்கே அவர்களைச் சிலோன்காரர் என்கிறார்கள். இங்கே இருந்தபோது இந்தியாக்காரர் என்றார்கள். நாடற்ற நிலையில் மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை கொடுக்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. அது எங்களில் பலர் பிறந்த காலம்.

ஆகவே, நாங்கள் தமிழ் பேசுவது தற்செயலாகக் கிடைத்த இனிப்பு இல்லை. அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

கூடையும் சிரிப்பும்

பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு நடுவால் போகும் வீதியின் பெயர் கலஹா வீதி. அதே வீதியில் பஸ் ஏறினால் கலஹா, தெல்தோட்டை தாண்டி லூல்கந்துர வரைக்கும் போகலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வணிகப் பயிராக முதலில் தேயிலை நட்ட தோட்டம் அது. டெய்லரின் பெயர் எல்லா வழிகாட்டிப் புத்தகத்திலும் இருக்கிறது. அந்த 19 ஏக்கரை வெட்டித் துப்புரவாக்கி, குழி தோண்டி, கன்று வைத்தவர்களின் ஒரு பெயரைக்கூட அந்தப் புத்தகங்கள் சொல்வதில்லை. கெம்பஸுக்குப் பின்னால் நிற்கும் ஹந்தானை மலையில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இயந்திரங்களைப் பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் லயங்கள். அவையும் பழையவைதான், ஆனால் அவற்றைத் துடைக்க யாரும் வருவதில்லை.

அந்தச் சிரிக்கும் அம்மாவின் நாளைச் சொல்கிறோம். விடியற்காலையில் எழும்பி ரொட்டி சுட்டு, பிள்ளைகளைக் கிளப்பி, பெரட்டுக்குப் போய் எந்த மலை என்று கேட்டு, கொழுந்து எடுக்கப் போகிறார். தோட்டம் சொல்லும் கிலோவை எடுத்தால்தான் முழுப்பேர். குறைந்தால் அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றாலும் கணக்கில் பாதி ஆள். மழை பெய்தால் கொழுந்து ஈரம் என்று தராசில் கழிப்பார்கள். காலில் அட்டை. ஆயிரம் ரூபா சம்பளம் கேட்டு வருசக்கணக்காகப் போராடி, 2021இல்தான் அது கிடைத்தது. 2024இல் அடிப்படை 1,350 ரூபா ஆனது. அந்தக் கூலிக்கு அப்போது 25 நாளும் போனால் 33,750 ரூபா. பழைய துரை பங்களாக்களை இப்போது சொகுசு ஹோட்டலாக்கி இருக்கிறார்களே, அவற்றில் சிலவற்றில் ஒரு இரவு தங்க இதைவிட அதிகம் கேட்கிறார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பல தோட்டங்களில் இப்போது கூடையே இல்லை, பைதான். ஆனால் படத்துக்குக் கூடை தேவைப்படுகிறது. அதனால் வீதியோரத்தில் கூடையும் பளிச்சென்ற சேலையுமாக நின்று, படமெடுத்தால் காசு கேட்கும் பெண்களும் இருக்கிறார்கள். இவர்களைப் பற்றிப் பயணிகள் எழுதுவதைப் பாருங்கள்: போலி, ஏமாந்துவிடாதீர்கள், உண்மையான தொழிலாளியைப் படமெடுங்கள்!

நாங்கள் சொல்கிறோம், அந்த மலையிலேயே நியாயமான கூலி கேட்கும் தைரியமான ஆள் அவர்தான். உங்களுக்கு வேண்டியது ஒரு படம். அதற்கு நிற்பதும் சிரிப்பதும் வேலை. வேலைக்குக் கூலி கேட்டால் போலி, கேட்காமல் சிரித்தால் உண்மை. இந்தக் கணக்கை எங்கள் ஊரில் முதலில் போட்டது தோட்டத்துத் துரை. பயணி அதை அப்படியே பாஸ் பண்ணிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான்.

கோச்சிக் கதவு

கண்டியிலிருந்து எல்ல வரைக்கும் போகும் கோச்சி உலகத்திலேயே அழகான ரயில் பயணங்களில் ஒன்று என்கிறார்கள். மறுக்கவில்லை. ஹட்டன் தாண்டி மூடுபனிக்குள் வளையும்போது எங்களுக்கும் போனை உள்ளே வைக்க மனம் வராது. ஆனால் அந்தப் பாதையை அழகுக்காக யாரும் போடவில்லை. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது கோப்பி மூட்டையைத் துறைமுகத்துக்கு இறக்க. 1885இல் நானுஓயாவுக்குப் போனது தேயிலைப் பெட்டிக்காக. பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆனது. இன்றைக்கு அதே கோச்சியில்தான் ஹட்டன், கொட்டகலை, நானுஓயா, பண்டாரவளைப் பிள்ளைகள் பேராதனைக்கு வருகிறார்கள், லீவுக்குப் போகிறார்கள்.

ஆசனப் பதிவு திறந்த சில நிமிடங்களில் டிக்கெட் முடிந்துவிடுகிறது. பிறகு அதே டிக்கெட் பல மடங்கு விலைக்கு வெளியே கிடைக்கிறது. பயணிக்கு அது எரிச்சல். கூடக் கொடுத்து வாங்கிவிடுவார். வீட்டுக்குப் போகிற பிள்ளைக்கு நாலைந்து மணித்தியாலம் ஒரு காலில் நின்று போவதுதான் வழி. அரிசி மூட்டையோடு ஏறிய பாட்டியிடம், ‘கொஞ்சம் தள்ளுங்க, படம் எடுக்கணும்’ என்று கதவோரத்தை வாங்கும் ஆட்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறோம். அந்தப் பாட்டி சிரித்துக்கொண்டே தள்ளி நிற்பார். அந்தச் சிரிப்பும் ஏதோ ஒரு கட்டுரையில் வந்திருக்கும்.

‘தனியாவா வந்தீங்க?’

தனியாகப் பயணம் போவது தைரியம், விடுதலை, தன்னைத் தானே கண்டடைவது என்றெல்லாம் எழுதுகிறார்கள். இந்தச் சொல்லையும் கொஞ்சம் சோதித்துப் பார்ப்போம்.

யுத்த காலத்தில் ஒரு தமிழ்ப் பொடியன் தனியாகக் கண்டிக்கு வந்து லொட்ஜில் தங்கினால் முதல் வேலை பொலிஸ் பதிவு. 1998 ஜனவரியில் மாளிகை வாசலில் புலிகளின் குண்டு வெடித்தது. அதன் பிறகு இந்த ஊரில் தமிழ்ப் பெயர் போட்ட அடையாள அட்டையோடு நடப்பது எப்படி இருந்தது என்று எங்கள் மாமாக்கள் சொல்வார்கள். ‘தனியாவா வந்தீங்க? எங்க போறீங்க? யாரப் பார்க்க? எத்தன நாள் நிப்பீங்க?’ இன்றைக்கு இதே நாலு கேள்வியைத்தான் ஹொஸ்டல் முதலாளி வெளிநாட்டுப் பயணியிடம் அன்பாகக் கேட்கிறார். அன்றைக்குச் சோதனைச் சாவடியில் துவக்கோடு நின்றவர் கேட்டார். ஒரே கேள்விகள். ஒருவருக்கு வரவேற்பு, இன்னொருவருக்கு விசாரணை.

2018 மார்ச்சில் திகன, தெல்தெனியவில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அவசரகாலச் சட்டம் போட்டு, பேஸ்புக்கை முடக்கினார்கள். அதே வருசம் அக்டோபரில் லோன்லி பிளானட், 2019இல் போக வேண்டிய நாடுகளில் முதலிடம் இலங்கைக்கு என்று அறிவித்தது. கண்டி அமைதியான நகரம் என்று எழுதுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்கு அமைதியாகத்தான் இருந்தது.

தோட்டத்திலிருந்து முதன்முதலாகக் கெம்பஸுக்கு வருகிற பிள்ளை, ஒரு பெட்டியோடு, மூன்று பஸ் மாறி, சிங்களம் அரைகுறையாகப் பேசி, குட்ஷெட்டில் இறங்கிப் பேராதனைக்கு வழி கேட்கிறாளே, அவள் தனிப் பயணி இல்லையா? இதைப் போல நூறு பேர் ஒவ்வொரு வருசமும் வருகிறார்கள். யாரும் வலைப்பூ தொடங்குவதில்லை. வீட்டுக்குப் போன் எடுத்து ‘வந்துட்டேன்ம்மா’ என்கிறார்கள், அவ்வளவுதான். விடுமுறைக்கு அதே பிள்ளை எங்காவது தனியாகப் போய் அறை கேட்டால், ‘தங்கச்சி தனியாவா? வீட்ல தெரியுமா?’ என்று கேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்புகிற இடங்களும் இருக்கின்றன. அதே வாசலால் வெளிநாட்டுப் பெண் முதுகுப் பையோடு உள்ளே போவாள். விடுதலை உணர்வுக்கும் கடவுச்சீட்டு பார்க்கிறார்கள்.

2023இல் ஒரு பயணம் நடந்தது. மலையக மக்கள் வந்து 200 வருசம் ஆனதை நினைத்து, ‘மாண்புமிகு மலையக மக்கள்’ என்ற பதாகையோடு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடித்தார்கள். முப்பாட்டன்மார் நடந்த அதே திசை. காணி, வீடு, கூலி, சமமான குடிமை என்று கோரிக்கைகளைக் கையில் வைத்துக்கொண்டு நடந்தார்கள். வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் சேர்ந்து நடந்தார்கள். இலங்கையில் எங்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பயண இலக்கியம் அதுதான். காலால் எழுதியது.

அப்ப என்ன எழுதுறது?

பயணம் எழுதவே கூடாதா என்று கேட்பீர்கள். எழுதலாம். இந்த ஊரைப் பற்றி வெளியார் எழுதிய பழைய முன்மாதிரிகளே இரண்டு இருக்கின்றன.

ஒன்று, டி. எச். லாரன்ஸ். 1922இல் ஏறக்குறைய ஆறு வாரம் கண்டியில் இருந்தார். வேல்ஸ் இளவரசருக்காக நடத்திய பெரஹெரவைப் பார்த்து யானையைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். வெக்கை பிடிக்கவில்லை, சத்தம் பிடிக்கவில்லை, கப்பல் ஏறிவிட்டார். பெரிய எழுத்தாளர்தான். ஆனால் கண்டி அவருக்கு ஒரு திரைச்சீலை.

இன்னொன்று, ரொபர்ட் நொக்ஸ். 1660இல் கொட்டியாரில் பிடிபட்டு, கண்டி இராச்சியத்தில் 19 வருசம் கைதியாக இருந்த மாலுமி. மொழி படித்தார், தொப்பி பின்னி விற்றார், நெல்லைக் கடன் கொடுத்து வட்டிக்கு நெல்லே வாங்கினார். தப்பிப் போய் 1681இல் புத்தகம் போட்டார். அதில் மக்கள் எப்படி உழுதார்கள், எப்படிச் சமைத்தார்கள், யாருக்கு என்ன வரி, யார் யாருக்குப் பயந்தார்கள் என்பதெல்லாம் இருக்கிறது. அவர் பார்வையிலும் கோணல் உண்டு, நாங்கள் அவரைப் புனிதராக்கவில்லை. ஆனால் சாதாரணத்தின் விலை அவருக்குத் தெரியும். அதை அவரும் கொடுத்தார்.

யாரும் 19 வருசம் கைதியாக இருக்கத் தேவையில்லை. இரண்டு நாள் நிற்பவரும் செய்யக்கூடியவைதான் நாங்கள் கேட்பவை. படம் எடுக்கும் முன் கேளுங்கள். காசு கேட்டால் கொடுங்கள், குறை சொல்லாதீர்கள். தோட்டத்தின் பெயரை எழுதுங்கள், வெறுமனே ‘தேயிலைத் தோட்டம்’ என்று விடாதீர்கள். தேத்தண்ணியின் விலையை எழுதினால் பக்கத்தில் கொழுந்து எடுப்பவரின் கூலியையும் எழுதுங்கள். கோச்சியில் கதவை மறிக்காதீர்கள். ‘சிரிக்கிறார்கள்’ என்று எழுதும் முன் அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சில நேரம் அது உங்களைப் பார்த்துத்தான்.

எங்களுக்கும், எங்கள் வயதுக்காரருக்கும் ஒரு வேலை இருக்கிறது. எங்கள் ஊரைப் பற்றி நாங்கள் எழுதவில்லை என்றால் ஹேஷ்டேக் எழுதும். வீதியில் மும்மொழிப் பலகை பார்த்திருப்பீர்கள். அதில் தமிழை எத்தனை இடத்தில் பிழையாக எழுதியிருக்கிறார்கள் என்று ஒருநாள் நடந்து எண்ணலாம். லயத்துக்குக் கடிதம் எப்படி வருகிறது என்று கேட்டு எழுதலாம். சொந்த முகவரி இல்லாமல், தோட்டத்து அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்து கைமாறி வந்த நேர்முகத் தேர்வுக் கடிதங்களின் கதை மட்டும் ஒரு புத்தகத்துக்குப் போதும். 77இலும் 83இலும் அடிவாங்கி, கண்டி, மாத்தளைத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களைத் தேடிப் போகலாம். அதுவும் பயணம்தான், டிக்கெட்டும் கிடைக்கும்.

மற்றவர்களுக்கு, வாங்க. உடும்பைப் பாருங்க, கொத்து சாப்பிடுங்க, ஒரு பிளேன்டீ குடிங்க. குடிச்சு முடிச்சதும், இந்தச் சாயம் எந்த மலையில இருந்து வந்துச்சு, யார் கை பறிச்சதுன்னு கடையில ஒரு கேள்வி கேளுங்க. பதில் சொல்ல ஆள் இருக்கு. தமிழ்லயே சொல்லுவாங்க.